எந்தப் பழனியம்மாள்? மருத்துவமனைகளில் பார்கோடும் பெயரும்

ஆட்டையாம்பட்டியில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பழனியம்மாள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. "எந்தப் பழனியம்மாங்க?" என்ற கேள்விதான் வரும். தறிக்காரர் வீட்டம்மாவா, முறுக்குச் சுடுகிறவரா, மாரியம்மன் கோயில் பக்கம் இருக்கும் பெரியம்மாவா, போன தையில் பேத்திக்குக் கல்யாணம் செய்தவரா என்று விசாரித்து, ஆள் இன்னார்தான் என்று தெளிந்த பிறகே கைநீட்டி வழி காட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர் வைத்திருக்கும் அடையாள முறை இது. இதில் ஆள் மாறுவது அபூர்வம்.

இதே பழனியம்மாள் ஒரு நாள் மூச்சுத்திணறலோடு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது கிலோமீட்டர் சுமாருக்குத்தான் பயணம். ஆனால் எந்தப் பெரிய மருத்துவமனையானாலும், வாசலைத் தாண்டியதும் தறியும் முறுக்கும் கோயில் தெருவும் அவரிடமிருந்து கழன்றுவிடுகின்றன. ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊர். சேர்த்துக்கொண்டால் கேஸ் ஷீட்டில் ஓர் எண். வார்டில் படுத்தபின் அவர் 'ஏழாம் நம்பர் பெட்'. அன்று இரவே இடநெருக்கடியால் அவரை ஒன்பதாம் கட்டிலுக்கு மாற்றி, ஏழில் இன்னொருவரைப் படுக்க வைத்தால், ஏழாம் எண்ணுக்கு எழுதிய ஊசி யாருக்குப் போகும்?

மருத்துவமனைகளுக்குப் பார்கோடு வந்த வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே படிக்கலாம் என்பது என் எண்ணம். நம் நாட்டில் சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தால் கணினி, சர்வர், செயலி என்றே பேச்சு போகிறது. மருந்துப் பெட்டியைப் பின்தொடர்வதில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம். கர்ப்பிணியை எண் கொடுத்துப் பின்தொடர்வதிலும் முன்னே நிற்கிறது. மருந்தும் ஆளும் நேருக்கு நேர் சந்திக்கும் படுக்கையோரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு மட்டும் நம் பெரும்பாலான வார்டுகளை எட்டவில்லை.

மளிகைப் பொருளுக்காகப் பிறந்தது பார்கோடு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், 1974 ஜூன் 26 அன்று ஒரு பாக்கெட் ரிக்லி சூயிங்கம்தான் கடைக் கவுண்டரில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. பார்கோடை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை செய்த சூ கின்னிக், 1992இல் வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது, அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் குறியீட்டைப் படித்து நொடியில் கணக்கு முடிப்பதைப் பார்த்தார். காருக்கு முடியும் என்றால் மருந்து கொடுப்பதற்கு ஏன் முடியாது என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து உருவான முறை 2000ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டின் படைவீரர் மருத்துவமனைகள் அனைத்துக்கும் பரவியது.

முறை எளிமையானது. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை, மாத்திரை உறையில் ஒரு கோடு, நர்ஸின் அடையாள அட்டையில் ஒரு கோடு. மூன்றையும் படித்ததும், இந்த ஆளுக்கு, இந்த மருந்து, இந்த அளவில், இந்த வழியில், இந்த நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கணினி பார்க்கும். பொருந்தாவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும். பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. 14,041 முறை மருந்து கொடுக்கப்பட்டதை அருகிலிருந்து கவனித்து எழுதிய ஆய்வு அது. நேரத் தவறுகளைத் தவிர்த்த மற்ற தவறுகள், பார்கோடு இல்லாத பிரிவுகளில் 11.5 சதவீதம், உள்ள பிரிவுகளில் 6.8 சதவீதம். மருத்துவர் எழுதியதைப் பார்த்து மறுபடி எழுதும்போது நேரும் பிழைகள் அறவே இல்லாமல் போயின. இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்றிலேயே, கோடு வருவதற்கு முன் நூறு முறையில் பதினொரு முறைக்கு மேல் தவறு நேர்ந்திருக்கிறது. அந்த நர்ஸுகள் கவனக்குறைவானவர்கள் அல்லர். மனிதர்கள் மனிதர்களுக்கு நாள் முழுக்க மருந்து கொடுக்கும் இடத்தில் இது நடக்கும்.

கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. ராஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பார்கோடு உள்ள மருத்துவமனைகளில் நர்ஸுகள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் 15 வழிகளையும், அதற்கான 31 காரணங்களையும் அடுக்கியது. நோயாளியின் பட்டையை இன்னொரு பிரதி எடுத்து மேசையிலோ கதவிலோ ஒட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் போகாமலே ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. கேட்கும்போது கோபம் வரும். காரணங்களைப் படித்தால் கோபம் இடம் மாறும். கசங்கிய கோடு, நனைந்த பட்டை, சார்ஜ் தீர்ந்த ஸ்கேனர், வார்டின் மூலையில் எட்டாத வைஃபை, கோடே இல்லாத மருந்து. பணக்கார நாட்டின் கதை இது. மே மாதச் சேலத்து வெயிலில் வியர்த்துக் கிடக்கும் மணிக்கட்டையும், ஒரே நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இரவையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்தில் வேலையைத் தொடங்கியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஆட்சிப்பணி அதிகாரி ஆர். பூரணலிங்கம் இதை உருவாக்கியதில் முன்னின்றவர். மாநிலம் முழுமைக்கும் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்கி, அங்கிருந்து மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது அதன் பணி. சேலத்திலும் ஒரு கிடங்கு உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைத்து, எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். ரேஷன் அட்டை பழகிய நம் ஊருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கிடங்குக்கு வரும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்று தெரியாதபடி பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இருப்பு எவ்வளவு, எது எப்போது காலாவதியாகும் என்பதைக் கிடங்கிலிருந்த கணினி சொன்னது. மருத்துவமனைகளில் கணினியையே பார்த்திராத காலம் அது. பின்னாளில் 2007இல் கேரளமும் 2011இல் ராஜஸ்தானும் இதே அச்சில் தங்கள் கழகங்களை அமைத்தன. தமிழ்நாடு அரசு முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற வரியும் பொறித்த மாத்திரை அட்டை நம் எல்லார் வீட்டிலும் ஒரு முறையாவது இருந்திருக்கும். ஒரு மாநிலம் மருந்துக்குப் பெயர் கொடுத்து, தொழிற்சாலையிலிருந்து மருந்தகச் சன்னல்வரை கைப்பிடித்து அழைத்து வந்ததன் அடையாளம் அது. சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் கை விட்டுப்போகிறது. மாத்திரைகள் எண்ணி, உறையில் போட்டு, 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று குறித்து நம் உள்ளங்கைக்கு வந்துவிடுகின்றன.

தனியார் மருந்துக்கடையிலும் இதேதான் நிலைமை, இப்போது சட்டம் வந்த பிறகும். 2022 நவம்பரில் மைய அரசு மருந்து விதிகளைத் திருத்தி, அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களில் பார்கோடோ கியூஆர் கோடோ இருக்க வேண்டும் என்றது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டோலோ, கால்பால், அலெக்ரா போன்று நமக்கு வாய்ப்பாடாகிவிட்ட பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. கோட்டைப் படித்தால் மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் எல்லாம் தெரியும். போலி மருந்தைக் கண்டுபிடிக்க நல்ல ஆயுதம். ஆனால் மாத்திரை அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிடலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. நம் கடைகளில் பெட்டியோடு மருந்து வாங்குகிறவர் எத்தனை பேர்? "நாலு மாத்திரை குடுங்க" என்றால் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நான்கைக் கொடுப்பார். பெட்டி அலமாரியிலேயே இருக்கும். அட்டையின் ஓரத்தில் அச்சிட்ட தொகுதி எண்ணும் காலாவதி நாளும்கூடப் பல நேரம் கத்தரிக்கோலின் அந்தப் பக்கம் தங்கிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி உறையில், தனித்தனிக் கோட்டோடு கட்டிலுக்கு வருகிறது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே மருத்துவமனை மருந்துகளுக்குப் பார்கோடைக் கட்டாயமாக்கியது. நம் விதி கடை அலமாரிவரை யோசித்திருக்கிறது. கத்தரிக்கோலை யோசிக்கவில்லை.

மருந்துக்குப் பெயர் கொடுப்பது எளிது. மனிதருக்கு அடையாளம் கொடுப்பதில்தான் சிக்கல் அத்தனையும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்பு வழிகாட்டிகளில் ஒன்று இதைப் பற்றியது: எந்தச் சிகிச்சைக்கு முன்பும் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும்; அறை எண் அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது. மேல்நாடுகளில் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அந்த இரண்டாகக் கொள்கிறார்கள். இதை அப்படியே சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்து இனிஷியல்தான். பெண்ணுக்கு அந்த எழுத்தும் கல்யாணத்தோடு மாறிவிடும். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ரேஷன் அட்டையில் கணவரின் எழுத்து, காப்பீட்டு அட்டையில் எழுத்தே இல்லை என்று ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பேராக இருப்பார். இதைக் கணினியில் ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது ழகரம் இரண்டு விதமாக மாறும், அம்மாளின் ஆகாரம் கூடும் அல்லது குறையும். 'பழனியம்மாள்' என்ற ஒரே பெயர் ஐந்தாறு வடிவங்களில் உள்ளே உட்காரும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் கணினிக்கு அவை ஐந்தாறு பெண்கள். பிறந்த தேதிக்கு வருவோம். தேதி தெரியாத முதியவர்களுக்கு ஆண்டை மட்டும் உத்தேசமாக வைத்து ஜனவரி 1 என்று ஆதாரில் பதிவார்கள். ஆகவே ஒரே ஊரில், ஒரே ஆண்டில், புத்தாண்டு அன்று பிறந்த பழனியம்மாள்கள் சிலர் இருப்பது சாதாரணம். கைப்பேசி எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். வீட்டில் நான்கு பேருக்கும் மகனின் எண்தான்.

கணினிப் பதிவு நமக்குப் புதிதல்ல. உலக வங்கிக் கடனுதவியோடு 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் வழியே தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு மேலாண்மை மென்பொருள் வந்தது. ஆனால் பழைய சீட்டு தொலைந்து புதுச் சீட்டு போட்டால் புது எண் வந்துவிடும். பழைய நோயும் பழைய பரிசோதனையும் அந்த எண்ணோடு போய்விடும். நோயாளியின் உண்மையான பதிவேடு இன்றுவரை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் மஞ்சள் பைதான். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் அதற்குள். 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 14 இலக்கச் சுகாதார எண்ணைத் தருகிறது. கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்து ஓ.பி. சீட்டு வாங்கும் வசதியும் வந்துவிட்டது. வரிசை குறைகிறது, நல்லதுதான். வரிசையில் நிற்பதை விடக் கட்டிலில் கிடக்கும்போதுதான் அடையாளம் உயிர்ப் பிரச்சினை.

எண் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் நல்ல சான்று, தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பதிவு முறையான பிக்மி. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார நர்ஸ் பதிவு செய்வார். 12 இலக்க எண் வரும். தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அளவு, பிரசவம், முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி எல்லாம் அந்த எண்ணில் ஏறும். 2017 அக்டோபர் முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். "பிக்மி நம்பர் போட்டாச்சா?" என்பது இன்று மாமியார்களும் கேட்கும் கேள்வி. பெண்சிசுக் கொலைக்குப் பேர்போன மாவட்டமாக இருந்ததால், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். அந்த மண்ணில் ஒவ்வொரு கர்ப்பமும் ஓர் எண்ணாகக் கணக்கில் வருவது சின்ன மாற்றமல்ல. இந்தப் பதிவில் உயிர் இருப்பதற்குக் காரணம் மென்பொருளின் திறமை அல்ல. பதிவு செய்கிற நர்ஸம்மாவுக்கு எந்தப் பழனியம்மாள் என்று தெரியும். தெரு தெரியும், மாமியாரைத் தெரியும், போன பிரசவத்தில் என்ன நடந்தது என்றும் தெரியும்.

அதே பதிவின் மறுபக்கத்தையும் இதே வட்டாரம் பார்த்தது. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்து நகரமான ராசிபுரத்தில், 2019 ஏப்ரலில், குழந்தை விற்பனை பற்றிப் பேசும் ஓர் ஒலிப்பதிவு வெளியாகி ஊரே அதிர்ந்தது. முன்பு அரசு மருத்துவமனையில் பணியாற்றிய பெண் ஒருவர் உட்படப் பலர் கைதானார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தரப்படும் என்று அந்த ஒலிப்பதிவில் பேசப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி எண் கட்டாயமாகி அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. எண்ணைப் பதிவு செய்கிற கை நேர்மையாக இருக்கும்வரைதான் எண்ணும் உண்மை பேசும்.

பதிவு ஆளோடு சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பரை மறக்க முடியாது. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று வந்தது. ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016இலும் ரத்தம் கொடுத்திருந்தார். தொற்று அப்போதே தெரியவந்தும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது பின்னர் வெளியானது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தன் நிலையை அறிந்து, தானே வந்து சொன்னவர் அவர். பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். 2018இல் நடந்த பரிசோதனையிலும் தவறு நேர்ந்தது. அதை எந்தக் கோடும் தடுத்திருக்காது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு முந்தைய முடிவும் அன்றைய ரத்தப் பையும் ஒரே ஆளுடையவை என்று சொல்ல ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், அந்தப் பை குளிர்பெட்டியை விட்டே வெளியே வந்திருக்காது. விவரம் அரசிடமே இருந்தது. அதை ஆளோடு சேர்க்க வழி இல்லை.

அதனால் எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் ரத்தம். கொடையாளர், பை, பெறுகிறவர் மூன்றையும் ஒரே சங்கிலியில் கோக்க வேண்டும். அடுத்து பிரசவ வார்டு: தாய்க்கும் சிசுவுக்கும் ஒரே எண் அச்சிட்ட இரண்டு பட்டைகள். அதன்பின் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போல அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான ஊசிகள். எல்லா மாத்திரைக்கும் ஒரே நாளில் கோடு வேண்டும் என்று இறங்கினால் ஸ்கேனர்கள் அலமாரியில் தூங்கும். ரத்த மாதிரிக் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் இப்போது நம் பரிசோதனைக் கூடங்களில் வந்துவிட்டது. இயந்திரமே கோட்டைப் படித்து முடிவைப் பதிகிறது. ஆனால் அந்த ஸ்டிக்கரை ஆளுக்கு முன்னால், பெயரைக் கேட்டு, ரத்தம் எடுத்த கையோடு ஒட்ட வேண்டும். பத்துக் குழாயை மேசையில் வரிசையாக வைத்துப் பிறகு ஒட்டினால், தவறான ரத்தத்துக்குத் துல்லியமான முடிவு வரும்.

தாளைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, இரண்டு வாரம் போல எல்லாம் கையெழுத்திலேயே நடந்தன. அங்கே தாளில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் மருத்துவமனை ஓடியது. இன்னொன்று, நோயாளியின் விவரம் அவருடையது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறது. எச்.ஐ.வி.யோ மனநோயோ, ஒருவருடைய நோயை வார்டு முழுக்கத் தெரிய விடும் மென்பொருள் அவரை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்துவிடும்.

நாமக்கல் லாரி ஒன்று சங்ககிரிப் பக்கம் வைகுந்தம் சுங்கச்சாவடிக்குள் நுழைந்தால், கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் வில்லையைக் கருவி படித்து, இந்த வண்டி யாருடையது என்று சில நொடியில் சொல்லிவிடுகிறது. நாட்டின் எந்த மூலையிலும் அந்த லாரிக்கு ஆள் மாறாட்டம் நேராது. அதை ஓட்டிப் போகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வழியில் விழுந்து, முகம் தெரியாத ஊரில் மயக்கத்தோடு ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தால், அவர் யார், அவருக்குச் சர்க்கரை உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வண்டிக்குச் செய்து முடித்ததை ஓட்டுநருக்கும் செய்ய வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

அதுவரை நாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஊசியோடு கட்டிலுக்கு வரும் சிஸ்டர் "உங்க பேரு என்ன?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டால், காலையில்தானே சொன்னேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இனிஷியலோடு பெயரையும், வயதையும், ஊரையும் சொல்லுங்கள். ரத்தம் ஏற்ற வந்தால் பையில் உள்ள பெயரையும் வகையையும் எண்ணையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் கேட்காமல் ஊசி போட வந்தால், "எந்தப் பழனியம்மாளுக்குங்க?" என்று நீங்கள் கேளுங்கள்.